பதினாறு ஆண்டு வரையாத ஓவியர்

அங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டுக்குத் தென்மேற்கில், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், செகெஷ்பெகேர்வார் என்னும் பழம்பதி ஒன்று உளது. ‘அரியணை அமைந்த வெண்கோட்டை’ என்பது அப்பெயரின் பொருள். அந்நாட்டு மன்னர் பலர் பண்டு முடிசூடிய ஊர் அது. முதல் மன்னராகிய இஷ்ட்வான் பெயரால் அங்கே ஓர் அருங்காட்சியகம் விளங்குகின்றது. 1980ஆம் ஆண்டில் அவ்வருங்காட்சியகத்தில் ஓர் ஓவியக் காட்சி நிகழ்ந்தது. காட்சிக்கு வைத்தவற்றுள் ஒரு பகுதி, காகிதத்தில் கரிக்கோல் முதலியவற்றால் வரைந்தவை. அவை வரையப்பட்டு முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. மற்றொரு பகுதி, துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டியவை. அவை அண்மைக் காலத்தன. இரண்டிற்கும் இடையே பதினாறு ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்தன.

இரு பகுதியையும் படைத்த கை ஒன்றே. அக்கைக்கு உரியவர் இல்கா கெதோ என்னும் அம்மையார். அங்கேரியர் குடும்பப் பெயரை முன்னும் இயற்பெயரைப் பின்னும் வைத்து வழங்குவர். ஆதலின் தம் நாட்டில் அவர் ‘கெதோ இல்கா’ எனப்படுவார். தந்தையார் பெயரின் முதலெழுத்தை முன்னிட்டு எழுதும் நமக்கு அம்முறை வியப்பளிப்பதன்று. அக்காட்சி நிகழ்ந்தபோது அம்மையார் அறுபது வயதை அணுகிக்கொண்டிருந்தார். பொதுமக்கள் காணும்படி அருங்காட்சியகம் ஒன்று அவருக்கெனத் தனியே அமைத்த முதற் பெருங்காட்சி அதுவே. இளமையிலேயே கை தேர்ந்த ஒருவர் அதுவரை காத்திருக்க நேர்ந்தது ஏன்? இடையே அவர் வரையாதிருந்தது ஏன்? இவ்விரு வினாவிற்கும் விடை அவர் வாழ்க்கையிலும், அவர் வாழ்ந்த நாட்டின் வரலாற்றிலும் பின்னிக் கிடக்கின்றது.

இல்கா அம்மையார் 1921ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் புடாபெஸ்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பள்ளி ஆசிரியர். அன்னையார் ஓர் அலுவலகத்தில் பணி புரிந்தவர். எழுத்தாளராக வேண்டும் என்னும் ஆசை உடையவராயிருந்தும் அஃது ஈடேறப் பெறாதவர். எழுத்தாளரும் கலைஞரும் வந்து பழகும் இல்லம் அது. குழந்தை இல்காவுக்கு வரையக் கற்பித்தவர் எவரும் இலர். எனினும், நாட்குறிப்பு எழுதுவார் போல, நாள்தோறும் கண்டவற்றை வரைந்து வந்தார். அவ்வேடுகள் அழியாமல் இருக்கின்றன. இளம்பருவத்துக் கோடை விடுமுறை ஒன்றை அவர் பக்கோனி மலைப்பகுதியில் கழித்தார். அங்கே நீண்ட பிடியுடைய அரிவாளை வீசிப் பயிர் அறுப்போரைக் கண்டார். அறுப்பவன் ஒரே அசைவை மீண்டும் மீண்டும் செய்கின்றான். ஆயினும் அவன் ஓரிடத்தில் நிற்பதில்லை. சிறுமி ஏட்டைக் கையில் ஏந்தி அவன் பின்னே வயலில் நடந்தார். அவ்வசைவு திரும்பி வரும் கணத்திற்காகக் காத்திருந்து, வந்தவுடன் ஒரு கோடு வரைந்து, மீண்டும் காத்திருந்தார். ஓடுகின்ற ஒன்றைத் தாளில் நிறுத்தும் பயிற்சியை அவருக்கு முதலில் அளித்தது அவ்வயலே எனலாம்.

பின்னர் டிபோர் கல்லே, விக்டர் எர்தெய் முதலிய கலைஞரிடம் அவர் பயின்றார். ஆயினும் காலம் நன்றாக இல்லை. 1938ஆம் ஆண்டு முதல் அங்கேரி அரசு யூதருக்கு எதிராகச் சட்டங்கள் இயற்றலாயிற்று. யூதர் இன்ன தொழிலில் இத்தனை விழுக்காட்டினரே இருக்கலாம் என வரையறுத்த அச்சட்டங்கள், ஆண்டுதோறும் கடுமை மிகுந்து வந்தன. 1939இல் பெரும்போர் மூண்டது. இல்கா மட்கலங்கள் செய்து, அதனால் வரும் சிறு கூலியைக் கொண்டு நாட்களைக் கடத்தினார்.

1944ஆம் ஆண்டு மார்ச்சு 19ஆம் நாள் செருமானியப் படை அங்கேரியுள் புகுந்தது. ஏப்பிரல் மாதம் முதல் யூதர் அனைவரும் மஞ்சள் நிற விண்மீன் வடிவத் துணியை மேலாடையில் தைத்துக்கொண்டே வெளியில் நடமாட வேண்டும் என ஆணை பிறந்தது. மே மாத நடுவிலிருந்து சூலைத் தொடக்கம் வரை, எட்டே வார காலத்தில், தலைநகருக்கு வெளியே வாழ்ந்த யூதருள் நாலு லட்சத்து முப்பதாயிரவருக்கு மேற்பட்டோரைப் புகைவண்டிகளில் அடைத்து நாட்டினின்று கொண்டுபோயினர். அவருட் பெரும்பாலோர் சென்றடைந்த இடம் அவுஷ்விட்ஸ் என்னும் கொலைக்களம். புடாபெஸ்ட் யூதரோ முதலில் விண்மீன் குறி பொறித்த வீடுகளிலும், ஆண்டின் இறுதியில் வேலியிட்டு அடைத்த பகுதி ஒன்றிலும் தள்ளப்பட்டனர். சில தெருக்களே அடங்கிய அப்பகுதியில் ஏறத்தாழ 70,000 மக்கள் நெருங்கிக் கிடந்தனர். உணவில்லை, குளிர் காய விறகில்லை, வெளியே நகரை முற்றுகையிட்ட சோவியத்துப் படையின் பீரங்கி முழக்கம், உள்ளே ‘அம்புச் சிலுவை’க் கட்சியாரின் கொடுமை. 1945ஆம் ஆண்டு சனவரி மாத நடுவில் சோவியத்துப் படை அவ்வேலியைத் தகர்த்தது.

அவ்வாண்டில் இருபத்துமூன்று வயதினராக இருந்த இல்கா, அவ்வீடுகளிலும் அவ்வடைப்பிலும் இருந்து படித்தார், வரைந்தார். கிடைத்த தாளில், கிடைத்த கரிக்கோலால் வரைந்தார். மாணவர்களே, அப்படங்களில் துப்பாக்கியும் குருதியும் இருக்கும் என நீங்கள் எண்ணக்கூடும். அவற்றுள் பெரும்பாலானவற்றில் அவை இல்லை. நாற்காலியில் அமர்ந்தபடியே உறங்கும் முதியவள் இருக்கின்றாள். புத்தகத்தின் மேல் குனிந்த பெண் இருக்கின்றாள். விளையாட இடமின்றி நம்மையே நோக்கும் குழந்தை இருக்கின்றது. எல்லாரும் எதற்கோ காத்திருக்கின்றனர்; எதற்கு என்று அவர் எவரும் சொல்வதில்லை. தம்மையும் அவர் வரைந்துகொண்டார். அப்படத்தில் நாம் காண்பது இருபத்துமூன்று வயதுப் பெண்ணை அன்று. வாழ்ந்து ஓய்ந்த மூதாட்டி ஒருத்தியைக் காண்கின்றோம். இப்படங்களுள் நூற்றுக்கும் மேற்பட்டவை இன்று எருசலேம் நகரில் யாத் வஷேம் என்னும் நினைவு நிலையத்தில் காக்கப்படுகின்றன.

வண்ணம் தீட்டாது கோட்டினால் மட்டும் உருவம் காட்டும் ஓவியத்தைப் ‘புனையா ஓவியம்’ எனத் தமிழ்ச் சான்றோர் வழங்கினர். அணி செய்யப்படாத ஓவியம் என்பது அதன் பொருள். அச்சொல் இல்கா அம்மையாரின் இளமைக் காலத்து ஓவியங்களுக்கு நன்கு பொருந்துகின்றது. போர் முடிந்தபின் வந்த நான்கு ஆண்டுகளில் அவர் வரைந்தவை பலவும் இவ்வகையினவே. 1946இல் எந்த்ரே பீரோ என்னும் உயிர்வேதியியல் அறிஞரை அவர் மணந்தார். (இவர் அறிவியலோடு நில்லாமல், ஆங்கிலத்தில் மிகக் கடினமானது என்று பெயர் பெற்ற ஜேம்ஸ் ஜாய்சின் ‘பின்னகன்ஸ் வேக்’ நூலின் பகுதிகளையும் அங்கேரிய மொழியில் பெயர்த்தவர்.) இல்லறம் நடத்தி, மகவு ஈன்று, வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டே அம்மையார் வரைந்தார்.

அப்போது அவர் எடுத்துக்கொண்ட பொருள்கள் மூன்று. முதலாவது, தம் முகம். கண்ணாடி முன் அமர்ந்து தம்மையே மீண்டும் மீண்டும் வரைந்தார். அழகு தேடி வரைந்தவை அல்ல அவை. ஒரு குற்றவாளியை விசாரிப்பது போலத் தம்மை விசாரித்து வரைந்தவை. மனம் நிறையாதபோது கிழித்தெறிந்தவையும் உண்டு. இரண்டாவது, வீட்டிற்கு அண்மையில் இருந்த கன்ஸ் இயந்திரத் தொழிற்சாலை. 1947, 1948ஆம் ஆண்டுகளில் இசைவு பெற்று உள்ளே சென்று, உயர்ந்த கூடங்களையும், இயந்திரங்களையும், அவற்றின் நடுவே சிறுத்துத் தோன்றும் தொழிலாளரையும் வரைந்தார். அரசு தெருத்தோறும் ஒட்டிய சுவரொட்டிகளில் தொழிலாளி தோள் புடைத்துத் தலை நிமிர்ந்து சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. இல்காவின் தொழிலாளியோ களைத்திருக்கின்றான். மூன்றாவது, ஒரு சிறு மேசை. வீட்டில் இருந்த சாதாரண மேசை. அதன் கால்கள் மெலிந்தவை. அந்த ஒரு மேசையையே 1949இல் பல தாள்களில் வரைந்தார். அவற்றைக் காண்பவர்க்கு, அது நின்றுகொண்டிருக்கின்றதா நடுங்கிக்கொண்டிருக்கின்றதா என ஐயம் எழும்.

அந்த மேசையோடு அவர் நிறுத்திவிட்டார்.

ஏன் நிறுத்தினார் என்பதற்கு எளிய விடை ஒன்று உண்டு. 1948இல் அங்கேரியில் ஒரு கட்சி ஆட்சி நிலைபெற்றது. ஓவியம் இப்படித்தான் இருத்தல் வேண்டும், தொழிலாளியும் உழவனும் இவ்வாறே மலர்ந்த முகத்தோடு தோன்றுதல் வேண்டும் என அரசே விதித்தது. புதுமை நாடிய கலைஞர் போர் முடிந்த ஆண்டில் அமைத்திருந்த ‘ஐரோப்பியப் பள்ளி’ என்னும் குழு 1948இல் கலைந்தது. அரசின் விதிக்கு இணங்க மனம் இல்லாதார் பலர் ஒதுங்கினர். இல்காவும் ஒதுங்கினார் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அது பாதி விடையே.

மறுபாதி அரசிடம் இல்லை, நண்பரிடம் இருந்தது. இல்காவும் கணவரும் பழகியது, மெய்யியலறிஞர் லாயோஷ் சபோ முதலியோரைச் சூழ்ந்த கூட்டத்தில். அவர்கள் அரசின் அடிவருடிகள் அல்லர், நுண்ணறிவு மிக்கவர்கள், அன்புடையவர்கள். ஆயின், கண்ணால் கண்ட உருவத்தைக் கண்டவாறே வரையும் காலம் கடந்துவிட்டது, இனி உருவம் துறந்த ஓவியமே ஓவியம் என்னும் கருத்து அவரிடையே ஓங்கியிருந்தது. இல்காவோ முகத்தையும் மேசையையும் விட மனமில்லாதவர். ‘நான் செய்வது கலையா, அன்றா?’ என்னும் வினா அவரை அரித்தது. கலைத் திறனாய்வாளர் எர்னோ கல்லாய் அவர்களுக்கு 1949இல் நீண்ட கடிதம் ஒன்று எழுதித் தம் ஐயங்களை எல்லாம் கொட்டினார். அவர் தேடிய தெளிவு கிட்டவில்லை. பகைவன் ‘வரையாதே’ என்றால் மறைவில் இருந்தேனும் வரையலாம். போர்க்காலத்தில் அவர் அதைச் செய்தே காட்டினார். தாம் மதிக்கும் நண்பர் பேசாதிருக்கும்போது கை தானே தளர்ந்துவிடுகின்றது. வேலிக்குள் நிற்காத கரிக்கோல், இவ்வாறு வீட்டுக்குள் நின்றது.

1949 முதல் 1965 வரை நாட்டில் என்னென்னவோ நடந்தன. 1953இல் ஸ்டாலின் இறந்தார். 1956இல் புடாபெஸ்ட் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். நவம்பரில் சோவியத்துக் கவச வண்டிகள் அக்கிளர்ச்சியை நசுக்கின. நண்பர் சபோவும் நாட்டை விட்டு வெளியேறினார். இல்கா இரு மக்களை வளர்த்தார். வரைந்த படங்கள் உறைகளுள் உறங்கின.

ஆனால் அவர் சும்மா இருந்தார் என்று எண்ணுதல் தவறு. கலை வரலாற்றையும் வண்ண இயலையும் ஊன்றிப் படித்தார். செருமானியப் பெரும் புலவர் கெத்தே 1810இல் ‘வண்ணங்களின் கொள்கை’ என்னும் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். ஒளியைப் பட்டகத்தின் வழியே பிரித்துக் காட்டிய நியூட்டனோடு வழக்காடும் நூல் அது. இயற்பியலில் கெத்தே தோற்றார் என்பதே அறிஞர் முடிபு. ஆயினும், கண் வண்ணத்தை எவ்வாறு உணர்கின்றது என்பதில் அவர் கண்டவை பல இன்றும் நிற்கின்றன. நீங்களே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். செந்நிறத் தாள் ஒன்றைச் சிறிது நேரம் இமையாது நோக்கிப் பின் வெள்ளைச் சுவரை நோக்குங்கள். அங்கே இல்லாத பச்சை ஒன்று உங்கள் கண்ணுக்குத் தோன்றும். ஒரு நிறம் தன் எதிர் நிறத்தைத் தானே வேண்டி அழைக்கின்றது என்பது கெத்தேயின் துணிபு. இல்கா அந்நூலின் பெரும்பகுதிகளைத் தம் மொழியில் பெயர்த்தும், குறிப்பெழுதியும், வண்ணப் படங்களைப் படியெடுத்தும் பயின்றார். ஏட்டைப் படியெடுத்துப் படியெடுத்தே இலக்கணம் கற்ற நம் பழைய மாணாக்கரை இது நினைவூட்டுகின்றது. கையால் எழுதியது எளிதில் மறப்பதில்லை. எவருக்காகப் பயில்கின்றோம், எதற்காகப் பயில்கின்றோம் என்று அறியாமலே பயின்ற பயிற்சி அது.

1962இல் அங்கேரியத் தேசிய ஓவியக்கூடம் அவருடைய பழைய கோட்டோவியங்கள் சிலவற்றை விலைக்கு வாங்கியது. 1965இல் தம் ஓவிய அறையிலேயே அவற்றை நண்பர் காண வைத்தார். உறைகளுள் இருந்தவை இருபது ஆண்டுகளுக்குப் பின் வெளிச்சம் கண்டன. அதே காலத்தில் அவர் கையும் அசையத் தொடங்கிற்று. முதலில் பாஸ்டல் என்னும் வண்ணக்கோலால் நண்பர் முகங்களை வரைந்தார். பின் எண்ணெய் வண்ணத்திற்கு வந்தார்.

எண்ணெய் ஓவியத்தை அவர் செய்த முறை வியக்கத்தக்கது. முதலில் சிறு தாள் ஒன்றில், எண்ணிப் பாராது, கை போன போக்கில் ஒரு படம் கிறுக்குவார். அதில் மாற்றம் ஏதும் செய்யார். பின்பு அதன் மேல் கட்டங்கள் இடுவார். நிலப்படத்தைக் கட்டமிட்டுப் பெரிதாக்க உங்கள் ஆசிரியர் கற்பித்திருப்பாரே, அதே முறை! கட்டம் கட்டமாக அச்சிறு படத்தைத் துணிக்குப் பெயர்ப்பார். அதன்பின்னரே வண்ணம். எந்த இடத்திற்கு எந்த நிறம் என்பதை எழுத்தால் குறிப்பார். நிறங்களைக் கலந்து, காகிதத் துண்டுகளில் பூசி, அத்துண்டுகளைப் படத்தின் மேல் வைத்துப் பார்ப்பார், எடுப்பார், வேறொன்றை வைப்பார். சிவப்பும் மஞ்சளும் போன்ற வெம்மை நிறங்களும், நீலம் போன்ற தண்மை நிறங்களும் ஒன்றையொன்று எவ்வாறு தாக்குகின்றன என நோக்குவார். ஒவ்வொரு படத்திற்கும் ஒரு நாட்குறிப்பு உண்டு. இன்ன நாள் இன்ன நிறம் இட்டேன், அது பொய்த்தது, சுரண்டினேன் என அதில் எழுதுவார். ஒரு கணத்தில் பிறந்த கிறுக்கலுக்கு ஓராண்டோ ஈராண்டோ உழைத்து நிறம் தருவார். இருபது ஆண்டுகளில் அவர் தீட்டிய எண்ணெய் ஓவியங்கள் நூற்றைம்பது அளவினவே. அவற்றின் பொருள் செயற்கைப் பூக்கள், ரோசாத் தோட்டம், சர்க்கசுக் கோமாளி முதலியவை. முன்பு தொழிற்சாலையையும் மேசையையும் வரைந்தவர், கண் காணாத பூக்களை வரையலானார். நண்பர் கூட்டத்தின் வழக்கிற்கு இஃது ஒரு விடையாகுமோ எனில், ஆகும் என்றே யான் கருதுகிறேன்: உருவத்தை அவர் துறக்கவில்லை, கண்ணுக்கு முன் இருக்கும் உருவத்தை விட்டு, மனத்துள் இருக்கும் உருவத்தைப் பற்றிக்கொண்டார்.

1969, 1970ஆம் ஆண்டுகளில் ஓராண்டுக் காலம் அவர் பாரிசில் தங்கினார். அங்கே ஒரு கூட்டுக் காட்சியில் அவர் படைப்புகள் இடம்பெற்றன. அங்கேரியில் அப்போது கலையை மூவகையாக்கி நடத்தினர்: அரசு ஆதரிப்பது, பொறுத்துக்கொள்வது, தடை செய்வது. அந்நாட்டு மொழியில் இம்மூன்று சொற்களும் ஒரே எழுத்தில் தொடங்குவன. ஆதலின் மக்கள் அதனை எள்ளலாக எளிதில் நினைவிற்கொண்டனர். செகெஷ்பெகேர்வார் அருங்காட்சியகம், ஆதரவு பெறாத கலைஞருக்கும் இடமளித்துப் பெயர் பெற்றிருந்தது. தலைநகரை விட்டு அவ்வூரில் முதற் பெருங்காட்சி நிகழ்ந்ததன் பொருத்தம் இப்போது விளங்கும். அதன்பின் 1982இல் புடாபெஸ்டில் ஒரு காட்சி நிகழ்ந்தது.

1985ஆம் ஆண்டு சூன் 19ஆம் நாள் இல்கா அம்மையார் காலமானார். அவ்வாண்டிலேயே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அங்குள்ள கலைத் திறனாய்வாளர், இத்தகைய ஒருவரை இதுகாறும் அறியாதிருந்தோமே என்று வியந்தனர். 1987இல் புடாபெஸ்டிலும், 1990களில் நியூயார்க்கிலும் காட்சிகள் நடைபெற்றன. 2004ஆம் ஆண்டின் இறுதியில் தேசிய ஓவியக்கூடமே பெருங்காட்சி ஒன்றைத் திறந்தது. பிறந்த நூறாம் ஆண்டாகிய 2021இல் அதே கூடம் அவர் காகிதத்தில் வரைந்தவற்றை மட்டும் தொகுத்து வைத்தது. அதற்கு இட்ட பெயர் ‘பாதி ஓவியம், பாதித் திரை’.

அவர் தம் கடைசி ஈராண்டில் செய்த செயல் ஒன்று எஞ்சியுள்ளது. 1940களின் இறுதியில் கண்ணாடி முன் அமர்ந்து வரைந்த தம் முகங்கள் சிலவற்றை அவர் உறையினின்று வெளியே எடுத்தார். கிறுக்கல்களின் மேல் இடுவது போலவே, அவற்றிற்கும் கட்டம் வகுத்தார். கட்டம் கட்டமாக அம்முகங்களைத் துணிக்குப் பெயர்த்தார். எந்த இடத்தில் எந்த நிறம் எனக் குறித்தார், துண்டுகளை வைத்தார், எடுத்தார். புனையாது விட்டிருந்த இருபத்தாறு, இருபத்தேழு வயது முகத்திற்கு, அறுபதைக் கடந்த கை வண்ணம் புனைந்தது. அவ்வரிசையில் ஒன்று ‘இரட்டை உருவம்’. அதில் ஒரே துணியில் அவர் இருமுறை தோன்றுகின்றார்.